பழைய ஸ்டெபிலைசர் பார் வாங்கலாமா?

கேள்வி: டொரன்டோவின் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். என்னிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா உள்ளது. வளைவுகளில் வண்டி அதிகமாகச் சாய்வதால் தடித்த ஸ்டெபிலைசர் பார் போட விரும்புகிறேன். இப்போது இருப்பவற்றை அளந்தேன்: முன்பக்கம் 19 மில்லிமீட்டர், பின்பக்கம் 12 மில்லிமீட்டர். வேறொரு மியாட்டாவிலிருந்து கழற்றிய 22 மற்றும் 14 மில்லிமீட்டர் பார்களை, புஷ்ஷும் (பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் உறை) லிங்க் ராடும் (பாரின் முனையைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் தண்டு) சேர்த்து, ஒருவர் 220 டாலருக்குத் தருகிறார். பின்பக்கத்துப் பார் மட்டும் என்றால் 90 டாலர் என்கிறார். அதை மட்டும் வாங்கினால் போதுமா? பழைய பொருளை நம்பலாமா?

பதில்: பின்பக்கத்துப் பாரை மட்டும் வாங்காதீர்கள். வாங்குவதானால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். அதற்கான காரணம் நீங்கள் அளந்து எழுதிய எண்களிலேயே இருக்கிறது.

ஸ்டெபிலைசர் பார் என்பது முறுக்கைத் தாங்கும் ஸ்பிரிங் எஃகுக் கம்பி. இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றாக மேலெழுந்தால் அது புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒரு பக்கம் மட்டும் எழும்போது முறுகி, வண்டி சாய்வதைத் தடுக்கும். வடிவம் ஒன்றாக இருக்கும் திடக் கம்பிகளில் இந்த விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். அதன்படி 19இலிருந்து 22க்குப் போகும்போது முன்பக்கம் ஏறத்தாழ 80 சதவீதமும், 12இலிருந்து 14க்குப் போகும்போது பின்பக்கம் ஏறத்தாழ 85 சதவீதமும் விறைப்பாகும். முன்னால் 3 மில்லிமீட்டரும் பின்னால் 2 மில்லிமீட்டரும் கூடினாலும் விளைவு கிட்டத்தட்ட சமமாக இருப்பதால், வண்டியின் முன்பின் சமநிலை பெரிதாக மாறாது.

பின்பக்கத்தை மட்டும் மாற்றினால் இந்தச் சமநிலை குலையும். வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் கூடுதல் சுமை விழுந்து, பின்பகுதி முன்பைவிட விரைவில் பிடியை இழக்கும். மியாட்டா எடை குறைந்த, பின்சக்கரங்களால் இயங்கும் வண்டி. 1992ஆம் ஆண்டு மாடலில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு எதுவும் கிடையாது. அக்டோபரில் நனைந்த இலைகள் கிடக்கும் சாலையில், 130 டாலரை மிச்சப்படுத்தியதற்காக வண்டியின் வால் சுழல்வதை நான் விரும்பமாட்டேன்.

பழைய பாரை நம்பலாமா என்றால், நன்றாகப் பார்த்து வாங்கினால் நம்பலாம். எஃகுக் கம்பி தேய்ந்து போவதில்லை. அதன் எதிரி துரு. ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்பு போடுகிறார்கள். அந்த உப்புநீர் புஷ்ஷுக்கும் கம்பிக்கும் இடையே புகுந்து வெளியே தெரியாமல் தங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு பார், புதுக் கறுப்புப் பெயின்டில் பளபளவென்று இருந்தது. வீட்டில் புஷ்ஷைக் கழற்றிய பிறகுதான், அது இருந்த இடத்தில் விரல் நகம் தட்டி நிற்கும் அளவுக்குக் குழிகள் இருந்ததைக் கண்டேன். அத்தகைய குழிகளில்தான் விரிசல் தொடங்கும் என்பதால் அந்தப் பாரை வண்டியில் பூட்டவில்லை. ஆகவே புஷ்ஷைக் கழற்றிக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த பாரைவிட, பழைய பெயின்ட்டோடு மேலாகத் துரு படிந்த பாரையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் அதில் உள்ளது உள்ளபடி தெரியும். வளைவுகளில் விரிசல் இருக்கிறதா, முனைகளில் போல்ட் போகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்காவது வெல்டிங் செய்த தடம் தெரிந்தால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் கெட்டிருக்கும். வெர்னியர் காலிப்பரை எடுத்துச் சென்று, பெயின்ட் இல்லாத இடத்தில் நீங்களே அளவெடுங்கள்.

புஷ்ஷுக்கும் லிங்க் ராடுக்கும் அவர் விலை சேர்த்திருந்தால் அதைக் கழித்துப் பேசுங்கள். பழைய ரப்பரும் ஆட்டம் கண்ட பந்து மூட்டும் எனக்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். புது புஷ் 22, 14 மில்லிமீட்டர் என்று பாரின் அளவுக்கே வாங்க வேண்டும். அந்தப் பார் எந்த ஆண்டு வண்டியிலிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள்: முதல் தலைமுறை மியாட்டா 1997 வரை வந்தது, அதற்குப் பின் வந்தது இரண்டாம் தலைமுறை. லிங்க் ராடின் நீளமும் முனையும் பாருக்கும் உங்கள் வண்டிக்கும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புது ரப்பர், புது லிங்க் ராட் எல்லாம் சேர்த்த மொத்தச் செலவு, புதிய செட்டின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதியதே மேல்.

விற்பவர் வியாபாரி அல்லாத தனிநபர் என்றால், பொருளின் தரம் குறித்துக் கடைக்காரரிடம் கேட்கக்கூடிய சட்டப் பாதுகாப்பை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. எனவே பொருளை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். முன்பணமாக இன்டராக் (வங்கிவழிப் பணப் பரிமாற்றம்) வழியே எதையும் அனுப்ப வேண்டாம். மாற்றம் செய்யுமுன் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வண்டியின் இப்போதைய புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் பாருங்கள். முப்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியில் லிங்க் ராட் ஆடினாலே பார் பாதி வேலைதான் செய்யும்; அவற்றை மாற்றியதும் சாய்வு உங்களுக்குப் போதுமான அளவு குறைந்துவிடக்கூடும்.

பூட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்காதீர்கள். அப்படிச் செய்தால் பார் முறுகி நின்று, லிங்க் ராட் போல்ட் துளைக்கு நேராக வராது. கழற்றும்போது பட்டென்று உதறிக் கையைப் பதம் பார்க்கும். இரு பக்கத்தையும் சம உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்திப் பூட்டி, ஓரிரு வாரம் ஓட்டிய பின் புஷ் பிராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள். அப்போது அந்த பிராக்கெட் பிடித்திருக்கும் தகட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்; கூடுதலான விசையெல்லாம் அந்தத் தகட்டின் மேல்தான் விழுகிறது.