பைத்துல்மால் கேள்வி பதில்: கேட்கக் கூசுகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

அஸ்ஸலாமு அலைக்கும். டெல்டா கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஜமாஅத் (ஊர் முஸ்லிம்களின் நிர்வாக அமைப்பு) நடத்தும் உதவி நிதியான பைத்துல்மாலில், பெண்கள் குழுவில் 14 வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உதவி தேவைப்படும் குடும்பங்களை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் கணக்குப் புத்தகம் எழுதுவதும் என் பொறுப்பு. ரமலான் நெருங்குவதால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. மார்க்கச் சட்டத்தில் உங்கள் ஊர் ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்) சொல்வதுதான் முடிவு. நான் எழுதுவது வேலை செய்து பார்த்த அனுபவம்.

பைத்துல்மால் என்றால் என்ன லாத்தா? வழக்கமான டிரஸ்ட் மாதிரிதானா? (கல்லூரி மாணவி, சென்னை)

அரபியில் 'செல்வத்தின் வீடு' என்று பொருள். உமர் (ரலி) கலீஃபாவாக, அதாவது இஸ்லாமிய அரசின் தலைவராக, இருந்த காலத்தில் அது அரசாங்கக் கருவூலமாக ஒழுங்குக்கு வந்தது. நம் ஊர்களில் ஜமாஅத்தோ ஊர் இளைஞர்களோ நடத்தும் உதவி நிதிக்கு இந்தப் பெயர். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருப்பார்கள். ஜகாத் (வசதி உள்ளவர் மேல் கடமையான வருடாந்தர தர்மம்), ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்), சதகா (விரும்பிக் கொடுக்கும் தர்மம்), வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் மாதச் சந்தா, இவைதான் வரவு. முன்பு பக்ரீத் குர்பானித் தோல் விற்ற பணமும் ஒரு கணிசமான தொகையாக இருந்தது. தோல் விலை விழுந்த பிறகு அதில் பெரிதாக ஒன்றும் வருவதில்லை.

செலவு, விதவைகளுக்கு மாத உதவி, மருந்து, பள்ளிக் கட்டணம், வீட்டுக் கூரை, வட்டியில்லாக் கடன் என்று போகும்.

என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. வெளியில் பார்த்தால் நாங்கள் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும். பைத்துல்மாலில் கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடுமோ என்று பயம். (பெயர் வேண்டாம்)

தங்கச்சி, உங்கள் கேள்விக்குத்தான் முதலில் உட்கார்ந்து எழுதினேன்.

குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 273வது வசனம் உங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. அவர்கள் யாரையும் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். அந்தத் தன்மானத்தைப் பார்த்து, விவரம் அறியாதவன் அவர்களை வசதிக்காரர் என்று நினைத்துக்கொள்வான். வாசலில் வந்து கேட்பவருக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள். கேட்காதவரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஒரு அமைப்பு தேவைப்படுகிறது.

இதில் நாங்களும் தப்பு செய்திருக்கிறோம். முதலில் அச்சடித்த டோக்கன் கொடுத்து மளிகைக் கடையில் சாமான் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். ஒருநாள் கடைப்பையன் கூட்டத்துக்கு நடுவில் "பைத்துல்மால் டோக்கனா, அந்தப் பக்கம் நில்லுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். அந்தப் பெண் சாமான் வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மூன்று மாதம் எங்கள் யார் முகத்திலும் அவர் விழிக்கவில்லை. அந்த மாதமே டோக்கனை நிறுத்தினோம். இப்போது கடையில் நாங்கள் முன்பணம் கட்டிவிடுவோம். அவர்கள் எல்லோரையும் போலப் பற்றுநோட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். பணமாகக் கொடுப்பதென்றால் நேரே வங்கிக் கணக்குக்குப் போகும். புகைப்படம் எடுப்பதில்லை. கமிட்டிக் கூட்டத்தில்கூட பெயர் சொல்லாமல் எண் சொல்லித்தான் பேசுவோம். யாருக்கு எந்த எண் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

உங்கள் ஊரில் நம்பிக்கையான ஒரு பெண்ணிடம், ஒரே ஒருவரிடம் மட்டும், சொல்லுங்கள். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுபியாக இருக்கலாம், பழைய டீச்சராக இருக்கலாம். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் வேலையில் இருந்தபோது அவரும் ஜகாத் கொடுத்திருப்பார் இல்லையா?

என்னிடம் 15 பவுன் நகை இருக்கிறது. அதற்கு ஜகாத் உண்டா? (இல்லத்தரசி, கீழக்கரை)

ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பெண் வழக்கமாக அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. ஹனஃபியில் உண்டு. ஒரே வீட்டில் மாமியார் ஒன்று சொல்வார், மருமகள் ஒன்று சொல்வார், இரண்டும் சரியாக இருக்கும். நிஸாப் என்கிற குறைந்தபட்ச அளவு தங்கத்தில் சுமார் 85 கிராம், கிட்டத்தட்ட 11 பவுன். அந்த அளவுக்கு மேல் இருந்து ஒரு வருடம் கடந்தால் மொத்தத்துக்கும் இரண்டரை சதவீதம், லட்சத்துக்கு 2,500 ரூபாய். உங்கள் நகைக்கு எது பொருந்தும் என்பதை ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தம்பியே கஷ்டத்தில் இருக்கிறான். ஜகாத்தை அவனுக்கே கொடுக்கலாமா, இல்லை பைத்துல்மாலில்தான் கட்டணுமா? (துபாய்)

தம்பிக்கே கொடுங்கள். உறவினருக்குக் கொடுத்தால் தர்மத்துக்கு ஒன்று, உறவைப் பேணியதற்கு ஒன்று என்று இரட்டை நன்மை என ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. தாய் தந்தைக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான் ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது. அவர்களைப் பார்ப்பது உங்கள் கடமைச் செலவு. இன்னொன்று, "இது ஜகாத் பணம்" என்று தம்பியிடம் சொல்லித்தான் தரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மனதுக்குள் நிய்யத் (ஜகாத் என்ற எண்ணம்) வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு என்று கொடுங்கள்.

நான் இந்து. பள்ளிவாசல் தெருவுக்கு அடுத்த தெரு. மகன் ஆபரேஷனுக்கு உங்களிடம் கேட்கலாமா? (கூலித் தொழிலாளி)

கேளுங்கள் அண்ணே, தயங்காதீர்கள். ஜகாத் முஸ்லிம்களுக்கு உரியது என்பது பெரும்பாலான ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து. அதற்கு குர்ஆன் எட்டு வகையினரைக் குறித்திருக்கிறது. அதனால்தான் நாங்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம், ஜகாத் ஒரு புத்தகம், சதகா ஒரு புத்தகம். சதகாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் தென்னை மரம் விழுந்து கிடந்தது. அப்போது தார்ப்பாய் வாங்கிக் கொடுத்த பணம் இந்த இரண்டாவது புத்தகத்திலிருந்துதான் போனது. எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஆபரேஷனுக்கு முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் எடுக்கலாம், வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். அதற்கு எங்கள் பையன் ஒருவன் உங்களோடு வருவான். காப்பீட்டில் வராத மருந்து, போக்குவரத்து, உடன் இருப்பவரின் சாப்பாடு, இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ரமலானில் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு 200, 300 கொடுக்கிறார்களே, அதுவும் நல்லதுதானே? (வியாபாரி, திருச்சி)

எனக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 2023 ரமலானில் ஏமன் தலைநகர் சனாவில் பண உதவி கொடுத்த இடத்தில் நெரிசலாகி 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நெரிசலே இல்லாவிட்டாலும், வயதான பெண்ணை வெயிலில் நோன்போடு நிற்க வைத்து 200 ரூபாய் கொடுத்தால் அவருடைய எந்தக் கஷ்டம் தீரும்? அதே பணத்தைச் சேர்த்து நான்கு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால் ஒரு குடும்பத்தின் கடனாவது அடைந்திருக்கும். தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் பாழாக்காதீர்கள் என்ற வசனத்தை நாம் மேடையில் பேசுகிறோம். வரிசையில் நிற்பவருக்கு அந்த நோவு இருக்கிறது.

தையல் மிஷின் வாங்கிக் கொடுக்க விரும்புகிறேன். எத்தனை தேவைப்படும்? (கோலாலம்பூர்)

இப்போதைக்கு ஒன்றுகூட வேண்டாம் நாநா. கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு வருடம் நாங்களும் ஆசை ஆசையாக மிஷின் கொடுத்தோம். ஒரே தெருவில் ஆறு பேருக்கு. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், நான்கு மிஷின் துணி போர்த்தி மூலையில் இருக்கிறது, மேலே பிள்ளைகளின் புத்தகப் பை. ஒரு தெருவில் ஆறு பேர் பிளவுஸ் தைத்தால் யாரிடம் கொடுப்பார்கள்? எங்களுக்குக் கொடுக்க எளிதாக இருந்ததைக் கொடுத்திருக்கிறோம், அவர்களால் எதைச் செய்து பிழைக்க முடியும் என்று கேட்கவில்லை. அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். ஒருவர் கிரைண்டர் கேட்டார், மாவு அரைத்து விற்கிறார். ஒருவர் இரண்டு ஆடு கேட்டார். ஒருவருக்கு எதுவும் வேண்டாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஏற்கனவே தெரிந்த நர்ஸ் வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்றார். பக்கத்து வீட்டு மூத்தம்மாவுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். எட்டே மாதத்தில் அந்தக் குடும்பம் எங்கள் புத்தகத்தை விட்டு வெளியே போனது.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு அன்சாரி (மதீனாவைச் சேர்ந்த தோழர்) உதவி கேட்டு வந்த சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையும். அதை இரண்டு திர்ஹத்துக்கு (வெள்ளிக்காசுக்கு) விற்று, ஒன்றில் வீட்டுக்கு உணவும் ஒன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தன் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார். அங்கே விசாரணை இருந்தது, தொழில் இருந்தது, கெடு வைத்துத் திரும்பப் பார்த்ததும் இருந்தது. நம்மில் பலர் கோடரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் பணமாக அனுப்புங்கள். என்ன வாங்கினோம் என்று எழுதி அனுப்புகிறோம்.

நான் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டேன். மாதச் சந்தா அனுப்பலாமா?

அமைப்புக்கு நேரடியாக அனுப்ப வேண்டாம். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதில் பதிவு இல்லாத அமைப்பு வெளிநாட்டுக் குடிமகனிடம் நன்கொடை வாங்கக்கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் இதே விதிதான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் இருந்தாலும் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம், தடை இல்லை. மேலே மலேசியாவிலிருந்து எழுதியவரும் இதைக் கவனிக்க வேண்டும். ஊரில் உள்ள உங்கள் ஏழை உறவினருக்கு நீங்கள் நேரே அனுப்புவது வேறு விஷயம்.

வட்டியில்லாக் கடன் எப்படிக் கொடுக்கிறீர்கள்? திருப்பித் தராவிட்டால்? (ஆட்டோ ஓட்டுநர்)

நகை ஈடு வாங்கிக்கொண்டு கொடுப்போம். நகை இல்லையென்றால் ஊரில் தெரிந்த இரண்டு பேர் ஜாமீன். பத்து மாதத் தவணை. பத்தாயிரம் வாங்கினால் பத்தாயிரம்தான் திருப்பித் தரவேண்டும். இதற்கு ஜகாத் பணத்தைத் தொடுவதில்லை. ஜகாத் உரியவரின் கையில் சொந்தமாகப் போய்ச் சேரவேண்டிய பணம். கடன் நிதிக்கு ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் காசை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கொடுத்து வைக்கிறார்கள்.

திருப்பித் தர முடியாமல் போகிறவர்கள் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். நிஜமாகவே முடியவில்லை என்றால் தவணையை நீட்டுவோம். கடன்பட்டவன் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. கடன்பட்டவரே ஜகாத்துக்குரிய எட்டு வகையில் ஒருவர் என்பதால், ரொம்ப நெருக்கடியானால் ஜகாத்திலிருந்து அவருக்குக் கொடுக்க வழி இருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மீட்டர் வட்டிக்காரன் காலையில் வாசலுக்கு வந்துவிடுகிறான். அவன் வருவதற்கு முன்னால் நாம் போய்ச் சேரவேண்டும்.

குமர் காரியத்துக்கு (பெண் பிள்ளையின் கல்யாணத்துக்கு) உதவுவீர்களா? (தகப்பனார், திருவாரூர் மாவட்டம்)

உதவுவோம். நிக்காஹ் பள்ளியில் எளிமையாக நடக்கும் என்றால், மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி (வரதட்சணை) வாங்கவில்லை என்றால். மஹர் என்ற மணக்கொடையைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. ஏழைகளுக்கான பணத்தை எடுத்து வசதியான வீட்டுக்குச் சீராக அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை. இதனால் எங்கள் மேல் கோபப்பட்ட தகப்பனார்கள் இருக்கிறார்கள். அவர்கள் படும் அவஸ்தை புரிகிறது, இருந்தாலும் இந்த ஒன்றில் நாங்கள் இளகுவதில்லை.

கணவர் இறந்து ஒரு மாதம் ஆன பெண்ணுக்கு முதலில் என்ன செய்யவேண்டும்? (பெண்கள் குழு உறுப்பினர், காரைக்கால்)

கணவர் இறந்த பெண் காத்திருக்கும் காலமான இத்தா நான்கு மாதம் பத்து நாள். அவர் வெளியே வரமாட்டார், ஆண் தொண்டர்கள் உள்ளே போகமுடியாது. அதனால் நீங்கள் போகவேண்டும், பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கணவர் பெயரில் ஏதாவது இன்சூரன்ஸ் இருந்ததா, யாரிடமாவது கடன் இருந்ததா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் தயார் செய்து வைக்கலாம். தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய். காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் தொகையை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. அது திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணைத் தொகை தருகிறது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பிள்ளைகளின் படிப்பையும் அதே நாளில் பேசிவிடுங்கள். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையான சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகையை மத்திய அரசு 2022ல் நிறுத்திவிட்டது. அந்தச் செலவு இப்போது நம்மைப் போன்றவர்களிடம்தான் வருகிறது. மூத்த பையனை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது மாமா சொல்லுவார். அவர் சொல்லுவதற்குள் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

பணம் இல்லை, நேரம் இருக்கிறது. நான் என்ன செய்யமுடியும்? (வேலை தேடும் இளைஞர்)

தம்பி, எங்களுக்கு ரொம்ப நாளாகத் தேவைப்படும் ஆள் நீங்கள்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடவேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிப்போய், சீட்டுப் போட்டு, ஸ்கேன் எடுத்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடவேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கமிட்டியில் பணம் கொடுக்கும் கை நிறைய உண்டு, அந்த ஒரு நாளைக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் ஜமாஅத் அலுவலகத்தில் அசர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு போய்க் கேளுங்கள். ஆதார் நகல் எடுக்கவும் படிவம் நிரப்பவும் காத்திருக்கும் யாராவது ஒருவர் அங்கே கண்டிப்பாக உட்கார்ந்திருப்பார்.