வானியல் கேள்வி – பதில்: விண்மீன்களின் முகத்திலும் புள்ளிகளா?

கேள்வி: ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்கள் சிலவற்றில், மறைப்பு நிகழாத வேளையிலும் ஒளி ஏறி இறங்குவதற்கு அவற்றின் மேலுள்ள புள்ளிகளே காரணம் என்று படித்தேன். தொலைநோக்கியிலும் வெறும் ஒளிப்பொட்டாகத் தெரியும் ஒன்றில் புள்ளி இருப்பதை எப்படி அறிகிறார்கள்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இந்த ஐயம் பழையது. அல்கால் என்ற விண்மீன் காலம் தவறாமல் மங்குவதை 1783இல் அறிவித்த ஜான் குட்ரிக், செவிப்புலன் இழந்த பதினெட்டு வயது இளைஞர். பெரிய பொருளொன்று அதைச் சுற்றி வந்து மறைக்கலாம், அல்லது புள்ளிகள் நிறைந்த அதன் பக்கம் அவ்வப்போது நம்மை நோக்கித் திரும்பலாம் என்று இரண்டு விளக்கங்களை அவர் முன்வைத்தார். அல்காலுக்குப் பொருந்தியது முதலாவது. இரண்டாவதும் வீண் போகவில்லை, வேறு விண்மீன்களுக்குப் பொருந்தியது.

மறைப்பு, சுற்றுப்பாதையைச் சார்ந்ததாகையால், கணக்கிட்ட நேரத்தில் வந்துவிடும். புள்ளிகளால் நேரும் ஏற்ற இறக்கமோ ஒளி வளைகோட்டில் (நேரத்துக்கு நேரம் ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல இடம் நகரும், வடிவமும் மாறும். நெருங்கிய இணைகள் பரஸ்பர ஈர்ப்பால் நீண்டு உருக்குலைவதாலும் ஒளி மாறும் என்பது உண்மையே. ஆனால் அந்த மாற்றம், சுற்றுக்கு இரண்டு ஏற்றங்களாக, இருந்த இடத்திலேயே இருக்கும். தவிர, மங்கும்போது செந்நிறம் கூடினாலோ, நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடின் சுவடு தென்பட்டாலோ, வெப்பம் குறைந்த பகுதி நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். அதிக வெப்பத்தில் அந்த மூலக்கூறு நிலைக்காது.

மறைப்பே ஆய்வுக்குக் கருவியாவதும் உண்டு. முன்னால் வரும் விண்மீன் பின்னுள்ளதைச் சிறிது சிறிதாக மூடுகையில், மூடப்படும் பட்டை இருண்டதாயிருந்தால் ஒளி குறையும் வேகம் அப்போது தளரும். ஏ.ஆர். லாசெர்ட்டே என்ற இணையின் மறைப்பில் கண்ட ஒழுங்கின்மையை 1947இல் ஜெரால்டு குரோன் மேற்பரப்புத் திட்டுகளைக் கொண்டே விளக்கினார். சூரியன் தன் நடுக்கோட்டில் ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. இந்த இணையோ ஈர்ப்பால் கட்டுண்டு இரண்டே நாளில் சுழல்கிறது. விரைந்த சுழற்சியால் காந்தப்புலம் வலுக்கிறது, அது உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கிறது, அந்த இடம் இருள்கிறது. சூரியனில் புள்ளிகள் நூற்றில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. இத்தகைய விண்மீன்களில் பத்தில் ஒரு பங்கையும் மிஞ்சும்.

கேள்வி: இதை எங்கள் வீட்டிலிருந்தே பார்க்க இயலுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: புள்ளிகளின் விளைவு வெறும் கண்ணுக்குப் பிடிபடாது, அதற்குத் தொலைநோக்கியும் ஒளி அளக்கும் கேமராவும் தேவை. அல்காலின் மறைப்பைத் தாராளமாகப் பார்க்கலாம். மார்கழி, தை மாத முன்னிரவில் அது வட வானில் ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் இருக்கும். வளவு வாசலில் நின்றால் ஓட்டுச் சார்ப்பு மறைக்கக்கூடும், ஆகவே மொட்டை மாடிக்கே செல்லுங்கள். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி 2.1 பருமனிலிருந்து 3.4 பருமனுக்குத் (பருமன் என்பது விண்மீன் ஒளியின் அளவு; எண் கூடினால் ஒளி குறைவு) தாழ்ந்து மீள ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகிறது. வழக்கமான நிலையில் அருகிலுள்ள அல்மாக் விண்மீனுக்கு நிகராக ஒளிரும் அல்கால், அதைவிடத் தெளிவாக மங்கித் தெரிந்தால் மறைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.