காலி மனையில் மண்டிய புதரையும் மரக்கிளைகளையும் நாமே ரம்பம் வைத்து வெட்டலாமா?

கேள்வி கேட்டவர் சென்னை மாத்தூர்க்காரர். இரண்டு கிரவுண்டு மனை, பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் மண்டிவிட்டன. நடுவில் ஒரு வேம்பு, மூலையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். ஆன்லைனில் ஏழாயிரத்துக்குச் செயின்சா (மோட்டாரில் சங்கிலி ஓடும் ரம்பம்) கிடைக்கிறதே, வாங்கி நானும் தம்பியுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாமா என்கிறார்.

புதரை முடிக்கலாம். வேம்பில் பாதி முடிக்கலாம். தூங்குமூஞ்சியைத் தொடாதீர்கள்.

மணலிப் பக்கம் ஓர் ஆலையின் பசுமை வளாகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஆலையைச் சுற்றி மரம் வளர்க்கச் சொல்கிறார்கள், வளர்த்தோம். மரத்தடியில் புதர் வரும், புதர் காய்ந்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி இருக்கும் இடத்தில் அது விளையாட்டில்லை. அதனால் தை பிறந்து ஈரம் வற்றியதும் அரிவாளும் ரம்பமுமாக இறங்கிவிடுவோம்.

உள்ளே போவதற்கு முன் நீளக் கழியால் புதரைத் தட்டுங்கள். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் டீ குடியுங்கள். நல்லபாம்பும் சாரையும் அதிர்வு தெரிந்தால் நகர்ந்துவிடும், கண்ணாடி விரியன் மட்டும் பல சமயம் சுருண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாலு பக்கமும் ஆள் நின்று சூழ்ந்துகொண்டு வெட்டாதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பாம்புக்குப் போக எதிர்ப்பக்கம் வழி இருக்கும். ஹவாய்ச் செருப்போடு இறங்கவே கூடாது. சீமைக்கருவேல முள் சைக்கிள் டயரையே பதம் பார்க்கும், காலில் ஒடிந்து உள்ளே தங்கினால் வாரக்கணக்கில் வீக்கம் வடியாது.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. நாங்களும் முதல் வருடம் செய்தோம். சீமைக்கருவேலத்தைக் கணுக்கால் உயரத்தில் அரிவாளால் சாய்வாகச் சீவிக்கொண்டே போனோம். மதியத்துக்குள் மைதானம் மாதிரி ஆகிவிட்டது, ஒரே சந்தோஷம். ஆனால் சாய்வாகச் சீவிய ஒவ்வொரு தூரும் ஒரு ஈட்டி. கூட வேலை பார்த்த பையன் தடுக்கி அதன்மேல் கையை ஊன்றிவிட்டான், உள்ளங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்கு ஒரு தூருக்கு ஏழெட்டுக் கிளையாகத் துளிர்த்து, முன்பைவிட அடர்த்தியாக எழுந்தது. அதன் துளிர்மொட்டுகள் தரைமட்டத்துக்குக் கீழே, வேரும் தண்டும் சேருகிற இடத்தில் இருக்கின்றன. மேலே எத்தனை தடவை வெட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. மண்ணைத் தோண்டி, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே வேரை அறுத்துத் தூரைப் பிடுங்கினால்தான் தொல்லை விடும். சின்னதற்குக் கடப்பாரை போதும், தொடை கனத்துக்கு மேல் இருந்தால் ஜேசிபிக்கு ஒரு மணி நேர வாடகை கொடுத்துவிடுங்கள்.

இங்கே எங்கும் செயின்சா தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? மண்ணில் ஒரு நொடி உரசினாலே சங்கிலியின் முனை மழுங்கிவிடும். நம் பக்கத்து மனைகளில் பாதி கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியது வேறு. கல்லும் கம்பியும் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. நன்றாக வெட்டுகிற சங்கிலி சீவல் சீவலாகத் துப்பும், மாவு மாதிரித் தூள் வந்தால் அது மழுங்கிவிட்டது. அப்போது அழுத்தி வெட்டாமல் நிறுத்தி அரம் போடுங்கள்.

வேம்புக்கு வாங்க வேண்டியது வளைந்த கைரம்பம், பழமரம் கவாத்து செய்கிறவர்கள் வைத்திருப்பது. இழுக்கும்போது வெட்டும், தள்ளும்போது சும்மா போகும். தச்சர் ரம்பம் பச்சை மரத்தில் ஈரத் தூள் அடைத்துச் சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டு கனத்துக்குட்பட்ட கிளைக்கு அந்த வளைந்த ரம்பம் தாராளம்.

கொஞ்சம் பெரிய கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்கு இரண்டு விரல்கடை வெளியே தள்ளி மேலிருந்து கீழாக அறுங்கள். கிளை தன் பாரத்தில் ஒடிந்து விழும், பட்டை கீழே உரிந்துகொண்டு போகாது. மிச்சமுள்ள கட்டையைக் கடைசியாக எடுங்கள். எங்கே எடுப்பது என்பதுதான் விஷயம். கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு புடைப்பு, அதில் மோதிர மோதிரமாகச் சுருக்கம் தெரியும். அந்தப் புடைப்பு மரத்தோடு இருக்க வேண்டும், ரம்பம் அதற்கு வெளியே போக வேண்டும்.

நான் இதைத் தெரியாமல் ஒரு புங்கமரத்தைக் கெடுத்திருக்கிறேன். சுவர் மாதிரி வழவழவென்று அடிமரத்தோடு ஒட்ட அறுத்து, அழகுக்குத் தாரும் பூசினேன். மூன்று வருடத்தில் அந்த இடம் பொந்தாகி, மைனா குடித்தனம் வந்தது. மைனாவுக்கு லாபம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்து 1970களில் எழுதிவைத்தது இதைத்தான்: மரத்துக்கு நம்மைப்போல் புண் ஆறுவதில்லை, அழுகலை உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. கிளைவழி வரும் அழுகலை மறிக்கிற சுவர் அந்தப் புடைப்பில்தான் எழும்புகிறது. அதையே அறுத்துவிட்டால் எதை வைத்து அடைக்கும்? தார் பூசியும் பயனில்லை.

உச்சியை மொட்டையடிக்கவும் வேண்டாம். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக வரும் போத்துகள் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரிதான், கனத்ததும் காற்றுக்கு முறியும்.

இனி தூங்குமூஞ்சி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அங்குல கனம், பத்தடி நீளம் உள்ள பச்சைக் கிளை ஏறக்குறைய தொண்ணூறு கிலோ. இலையும் சிறுகிளையும் தனி. தூங்குமூஞ்சியில் அந்த மாதிரிக் கிளை படுக்கைவாட்டில் முப்பதடி ஓடும். அதில் ஏணி சாத்தி, ஒரு கையில் செயின்சாவோடு ஏறுகிறவனைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். செயின்சாவை இரண்டு கையாலும் பிடிக்கணும், தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, ஏணியில் நின்று ஓட்டக் கூடாது. சங்கிலி ஓடுகிற தகட்டின் நுனி, அதுவும் மேல்பாதி, எதிலாவது முட்டினால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எகிறும். இந்த மரத்துக்குக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கிளை ஏதாவது மின்கம்பியை நெருங்கியிருந்தால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். தெருவோர மரமென்றால் அது மாநகராட்சியுடையது, 1913க்குப் போன் போட்டு அவர்களையே கூப்பிடுங்கள்.

கீழே விழுந்த மரத்தில் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். 2016 டிசம்பர் 13, வர்தா புயல் அடித்த மறுநாள். எங்கள் வளாகத்தில் ஒரு வேம்பு வேரோடு சாய்ந்து பாதையை மறித்திருந்தது. வேரும் மண்ணுமாக ஆளுயரத் தட்டு ஒன்று செங்குத்தாக நின்றது, அடியில் பள்ளம். நான் மெஷினை ஸ்டார்ட் பண்ணி அடிமரத்தை அறுக்கப் போனேன். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த மரம் வெட்டுகிற பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா நைனா, அந்தப் பள்ளத்தாண்ட ஒரு ஆளு நிக்குது பாரு. அத்த மொதல்ல அப்பால வரச் சொல்லு. நீயும் இப்டிக்கா வந்து நில்லு." எங்கள் ஆள் ஒருவர் பள்ளத்தின் ஓரமாக நின்று வேரில் மாட்டிய கேபிளை எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தார். பெரியவரே அறுத்தார். முக்கால்வாசி போயிருக்கும், மடாரென்று ஒரு சத்தம். அடிமரத்தின் பாரம் போனதும் வேர்த்தட்டு முழுசாகத் திரும்பி, மூடி மாதிரிப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. அடிக்கட்டை நட்டுக்குத்தாக நிற்கிறது, மரம் இருந்த இடத்திலேயே. கேபிள் எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அன்று அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கிளையைத் தொட்டாலும் பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அறுபட்டதும் எது எங்கே போகும் என்று சுற்றி வந்து பார்க்காமல் நான் ரம்பத்தை எடுப்பதில்லை.

ஆக, உங்கள் வேலைக்குச் செயின்சா வேண்டியது தரையில் கிடக்கும் கட்டைகளைத் துண்டு போட மட்டும், ஒரு மணி நேரம். அதற்கு ஏழாயிரம் எதற்கு? வாடகைக்கு எடுங்கள். கண்ணாடி, காதடைப்பான், கெட்டி பூட்ஸ் வாங்குங்கள். வேம்பில் பழைய முள்வேலிக் கம்பியோ ஆணியோ உள்ளே புதைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மரம் வளரும்போது கம்பியை விழுங்கியிருக்கும். காக்கைக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கிறவரை பொறுங்கள். கிளை கழிப்பதை ஆவணிக்குள் முடித்தால் ஐப்பசிக் காற்றுக்கு முன் மரம் கொஞ்சம் தேறியிருக்கும். புதரைப் பிறகுகூடப் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டிய முள்ளை மனையிலேயே கொளுத்தாதீர்கள், நம் ஏரியாவில் இருக்கிற புகையே போதும். கருவேலக் கட்டை விறகுக்கும் கரிக்கும் போகும், வண்டிக்காரரே வந்து ஏற்றிக்கொள்வார். வேம்பின் படத்தை நாலு பக்கத்திலிருந்தும் எடுத்துப் போடுங்கள், எந்தக் கிளையை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.