பெட்போர்ட் லொறியில் ஆடும் பற்றரி

கேள்வி: தந்தையார் நெல் ஏற்றிய பழைய பெட்போர்ட் லொறியில் பற்றரியைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். அது போதுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: போதாது. அமிலம் பட்டால் கயிறு இற்றுவிடும்; குலுங்கக் குலுங்க ஈயத் தகடுகளின் பசையும் உதிரும்.

முதலில் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். அக்காலப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனையே ஏர்த்தாக இருந்ததால், நிறத்தை நம்பாமல், சேசிஸுக்கு (லொறியின் அடிச்சட்டத்துக்கு) போகும் வயர் எது என்று பாருங்கள். பற்றரித் தட்டை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, காய்ந்தபின் வர்ணம் பூசி, றப்பர் விரிப்பிட்டு, பற்றரியை வைத்து, அதன் மேல் குறுக்குச் சட்டத்தை இரு நீண்ட போல்ட்டுகளால், பற்றரி அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் பெட்டி விரிசல் விடும். பழைய சட்டம் கிடைக்காவிட்டால், வெல்டிங் கடையில் கோண இரும்பில் செய்விக்கலாம். ஆனால் அது பற்றரி முனைகளில் முட்டாதபடி றப்பர் சுற்றுவது கட்டாயம். ஏர்த் வயரைக் கடைசியாகப் பூட்டுங்கள்.