மாநகராட்சியோடு சேர்ந்து லிவிங் லேப் தொடங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

உங்கள் பல்கலைக்கழகம் மாநகராட்சியோடு கைகோத்து, தெருக்களில் சென்சார் பெட்டி மாட்டி நகரத்தையே ஆய்வுக்கூடமாக்கப் போகிறது (இதைத்தான் லிவிங் லேப் என்கிறார்கள்), ஒப்பந்தம் போடுமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் ஆய்வாளர் வரிசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டி பழுதானால் யார் ஏணி போடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சிகாகோவின் 'அரே ஆஃப் திங்ஸ்' திட்டத்தைப் பாருங்கள். ஆர்கான் தேசிய ஆய்வகம், சிகாகோ பல்கலைக்கழகம், நகர நிர்வாகம் மூன்றும் சேர்ந்து நடத்தியது. 2015-ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 31 லட்சம் டாலர் கொடுத்தது. 2016 ஆகஸ்டில் முதல் பெட்டிகள் சிக்னல் கம்பங்களில் ஏறின. வெப்பம், ஈரப்பதம், காற்றில் உள்ள வாயுக்கள், சத்தம், கேமரா எல்லாம் ஒரே கூட்டுக்குள். கம்பமும் மின்சாரமும் நகரத்துடையவை. மேலே ஏறி மாட்டியதும் நகரப் போக்குவரத்துத் துறையின் ஆட்கள்தான். பேராசிரியர் யாரும் ஏறவில்லை!

அவர்களிடம் கற்க வேண்டியது தனியுரிமையைக் கையாண்ட விதம். 2014-ல் திட்டம் வெளியே தெரிந்ததும், நடந்துபோகிறவர்களின் செல்போன் சிக்னலை எண்ணுவார்களாமே என்று சலசலப்பு கிளம்பியது. பெட்டி மாட்டுவதற்கு முன்பே தனியுரிமைக் கொள்கையின் வரைவை வெளியிட்டு, பொதுக்கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்டார்கள். கேமரா படத்தைப் பெட்டிக்குள்ளேயே கணினி அலசிவிடும். எத்தனை ஆள், எத்தனை வண்டி என்ற எண்ணிக்கைதான் வெளியே போகும். கணினி சரியாக எண்ணுகிறதா என்று ஒப்பிட்டுத் திருத்துவதற்காகச் சில படங்களைச் சேமிப்போம் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். தரவு எல்லோருக்கும் திறந்திருந்தது.

ஆனால் 2018 முடிவுக்குள் 500 பெட்டி என்று சொன்னது நூற்றுச் சொச்சத்தோடு நின்றது. விலை குறைந்த வாயு சென்சார்களின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்: வெயிலும் ஈரமும் மாறினால் அவை காட்டும் அளவும் மாறும். அடிக்கடி ஒப்பிட்டுச் சரிசெய்ய ஆள் வேண்டும். ஆய்வு நிதியில் அந்த ஆளுக்கு இரண்டு மூன்று வருடச் சம்பளம் இருக்கும். கம்பமோ இருபது வருடம் நிற்கும்.

நான் இருந்த ஒரு திட்டத்தில், பாதிக் கூட்டம் ஸ்லைடில் போனபின் மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர், "சார், இதுல ஒண்ணு ரிப்பேரானா எந்த ஹெட்ல செலவு எழுதுறது?" என்று கேட்டார், அதாவது எந்தக் கணக்குத் தலைப்பில். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரியே இல்லை. முதல் மழைக்குப் பிறகு பாதிப் பெட்டிகள் பேசவில்லை. அவற்றை இறக்கக்கூட ஒரு கடிதம், அதற்கு ஒரு கையெழுத்து!

சிகாகோவிலேயே 2021-ல் வேறு மாதிரி செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் 'ப்ராஜெக்ட் எக்லிப்ஸ்' காற்றை மட்டும் அளந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சென்சார்கள், சூரிய மின்சாரத்தில், பஸ் நிழற்குடைகளில். அந்த நிழற்குடைகளைப் பராமரிக்கும் ஜேசிடெகோ நிறுவனமும் திட்டத்தில் ஒரு பங்காளி. எப்படியும் அங்கே போய்வரும் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த யோசனை. ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது, அது வேறு விஷயம்.

ஆகவே ஆணையரின் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆணையர் மாற்றலாகிப் போவார். மின் பிரிவின் உதவிப் பொறியாளரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நிதி முடிந்த மறுநாள் பெட்டி யாருடையது, தரவு யாரிடம் இருக்கும், கழற்றும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். சென்சார் தரும் எண்ணைப் பார்த்து எந்தத் துறை எதை மாற்றும் என்றும் கேளுங்கள். சாலைப் பிரிவு, சுகாதாரப் பிரிவு என்று பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்தைத் தள்ளிப்போடுவேன்.