பெரிய துன்பத்தில் தாங்கும் விசுவாசம், தினசரி எரிச்சல்களில் மட்டும் ஏன் கைகொடுப்பதில்லை?

கைகொடுக்கும், நாம்தான் கூப்பிடுவதில்லை. ஆபரேஷன் என்றால் முழங்கால் போடுகிறோம். தண்ணீர் மோட்டார் ஓடாதபோது யார் ஜெபிக்கிறார்கள்?

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்கண்ட் பக்கமிருந்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும் தங்குகிறார்கள். சிலர் மாதக்கணக்கில் இருந்து, அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மேல்தொட்டி வறண்டால் மாடியிலிருந்து “தாதா, பானி!” என்று குரல் வரும். ஐந்து நிமிடத்தில் அதே குரல் மறுபடியும் வரும். தண்ணீர் லாரிக்காரரோ, “காட்பாடி மேம்பாலம் இறங்கிவிட்டேன் அண்ணா” என்பார். அந்த மேம்பாலத்தை அவர் இறங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்!

அப்போதெல்லாம் எனக்கு, இஸ்ரவேல் ஜனத்தை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசேதான் ஞாபகம் வருகிறார். பார்வோனிடம் தடுமாறாதவர், 40 வருடம் ஜனத்தின் முறுமுறுப்பைச் சுமந்தவர், கடைசியில் சறுக்கியது ஒரு தண்ணீர்ச் சண்டையில். வேதாகமத்தில் எண்ணாகமம் 20-ஐப் படித்துப் பாருங்கள். கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார் கர்த்தர். இவர் “கலகக்காரரே” என்று ஜனத்தைத் திட்டிவிட்டு, கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் என்னவோ வந்தது. கர்த்தர் வாக்களித்த கானான் தேசத்துக்குள் போகும் பாக்கியம்தான் போயிற்று.

“கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்” என்கிறது சங்கீதம் 141:3. எனக்கு அது போதும். லாரிக்காரருக்குப் போன் போடும் முன் சொல்லி முடித்துவிடலாம். நீண்ட ஜெபத்துக்கு அங்கே நேரமும் இல்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு சகிக்கச் சொல்லவில்லை. லாரி தாமதமானால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று அவரிடம் கறாராகத்தான் சொல்கிறேன். “எல்லாம் நன்மைக்கே பிரதர்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தாவீதே கேட்டிருக்கிறார். மனத்தாங்கலை முதலில் கர்த்தரிடம் கொட்டிவிட்டால், மனிதரிடம் பேச வேண்டிய அளவு மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொன்று, யாரும் பிரசங்கத்தில் அதிகம் சொல்லாதது. தீர்க்கதரிசி எலியா சலித்துப்போய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவும் விட்டான். சாப்பாட்டைத் தள்ளிப்போடும் நாட்களில்தான் என் குரலும் உயருகிறது. அதனால் ஒன்றரை மணியானால் மேசையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறேன். லாரி அப்போது வந்தால், வால்வைத் திறந்துவிட அவனுக்குத் தெரியும்.