மேஜிக் கேள்வி – பதில்: கடைசி நாற்காலிக்குத் தெரியுமா?

கேள்வி: கல்லூரி ஆண்டு விழாவில் மனதைப் படிக்கும் மேஜிக் செய்யப் போகிறேன். ஒருவர் நினைத்த ஊர்ப் பெயரை நான் முன்பே எழுதி வைத்திருந்து காட்ட வேண்டும். ஒயிட்போர்டு, டிராயிங் பேட், சிலேட்டு, எதை வாங்கலாம்?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, கடைக்குப் போகும் முன் அந்த அரங்கத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நண்பரை மேடையேறி ‘திண்டுக்கல்’ என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா? ஐம்பதடி தூரத்துக்கு ஐந்து அங்குல உயர எழுத்து என்பது என் கணக்கு. ஏ3 தாளின் நீளமே 42 சென்டிமீட்டர்தான். அந்த அளவு எழுத்தில் உங்கள் ஊர் அதற்குள் அடங்காது. ‘திண்டு’ மேலே, ‘க்கல்’ கீழே என்று உடைத்து எழுதினால் கைதட்டலுக்குப் பதில் சிரிப்புதான் வரும். ஊர்ப் பெயர் என்றால் முழு சார்ட் அளவுக்குப் போங்கள். இரண்டு இலக்க எண் என்றால் ஏ3 தாராளம். தமிழில் எழுதும்போது மெய்யெழுத்தின் புள்ளியைக் குண்டுமணி அளவுக்காவது வையுங்கள். தூரத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஒயிட்போர்டு எனக்கு ஆகாது. ஒரு கல்யாண மண்டபத்தில் என் பதிலைத் திருப்பிக் காட்டினேன். இடதுபக்கம் கைதட்டல், வலதுபக்கம் மௌனம். மேலிருந்த ஃபோகஸ் விளக்கு பளபளப்பான போர்டில் பட்டு, பாதி சபைக்கு வெள்ளை வெளிச்சம் மட்டுமே தெரிந்திருக்கிறது. சரியாகச் சொல்லியும் தப்பாகச் சொன்னவன் மாதிரி நின்றேன். வேறு வழியில்லாமல் ஒயிட்போர்டுதான் என்றால், மேல் விளிம்பை மூன்று விரற்கடை முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். பிரதிபலிப்பு தரையை நோக்கிப் போய்விடும்.

என் ஓட்டு பளபளப்பில்லாத, தடித்த தாளுக்குத்தான். மெல்லிய தாளில் இரண்டு வம்பு. மார்க்கர் மை அடுத்த தாளுக்கு ஊறும். பின்னால் விளக்கு இருந்தால் நீங்கள் திருப்பும் முன்பே எழுத்து முன்பக்கம் நிழலாகத் தெரியும். முதல் வரிசைப் பையன் படித்தே விடுவான்! தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டை செருகிவிட்டால் தீர்ந்தது.

கறுப்பு மார்க்கரிலேயே எழுதுங்கள். மேடையில் சிவப்பு விளக்கு போட்டால் வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து மறைந்தே போகும். எல்இடி திரையில் காட்டப் போகிறார்கள் என்றால் கேமராக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பளீர் வெள்ளை திரையில் வெளிறிப்போகும். இளம் சாம்பல் நிறத் தாள் உத்தமம்.

கேள்வி: பழைய மேஜிக்காரர்கள் எல்லோரும் சிலேட்டையே பிடித்துக்கொண்டிருந்தது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: ஆவிகளோடு பேசுகிறேன் என்றவர்களிடமிருந்து வந்த சொத்து அது, அம்மா. ஹென்றி ஸ்லேடு (Slade) என்ற அமெரிக்கர், ஆவிகள் சிலேட்டில் எழுதுவதாகக் காட்டிப் பேர் வாங்கியவர். 1876இல் லண்டனில் ரே லாங்கெஸ்டர் என்ற விஞ்ஞானி, ஆவி எழுதத் தொடங்கும் முன்பே சிலேட்டைப் பிடுங்கிப் பார்த்தார். பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது! வழக்கு நடந்து ஸ்லேடுக்கு மூன்று மாதத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் தப்பித்தார். ஆவியை விட்டுவிட்டு வித்தையை மட்டும் மேஜிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். (வித்தை எப்படி என்று இந்தப் பக்கத்தில் கேட்கக் கூடாது.)

அன்றைக்கு சிலேட்டு சாமானியப் பொருள். பள்ளிப் பையில் இருப்பதுதானே, அதில் என்ன சூது என்று சபை நினைத்தது. இப்போது மரச்சட்டம் போட்ட சிலேட்டை மேடைக்குக் கொண்டுபோனால், “அதைக் கொஞ்சம் குடுங்க அங்கிள்” என்று பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். அது விசேஷப் பொருளாகிவிட்டது. விசேஷப் பொருள் என்றாலே சந்தேகம்தான். தாத்தா பாட்டிகள் நிறைந்த சபையில் மட்டும் நான் இன்னும் எடுக்கிறேன். ஆந்திராவின் மார்க்காபூர் கல் சிலேட்டு ஒன்று என்னிடம் உண்டு. அந்த விளிம்பைப் பார்த்ததுமே முகங்கள் இளகிவிடும். ஆனால் பல்பத்தால் எழுதாதீர்கள். கோடு மெல்லிசு, மூன்றாவது வரிசை தாண்டாது. சாக்பீஸ்தான். ஈரத்துணியால் துடைத்தால் முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தில் எழுதினால் மங்கலாக இருந்து, காயக் காயத்தான் வெளுக்கும்.

கேள்வி: பார்வையாளர் கையில் எதைக் கொடுத்து எழுதச் சொல்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: பரீட்சை அட்டையும் ஒரு வெள்ளைத் தாளும். மடியில் வைத்து எழுதலாம், கிளிப் இருப்பதால் திருவிழா மேடைக் காற்றிலும் பறக்காது. புத்தம் புதிதாக வேண்டாம். என்னுடையதில் என் மகள் பத்தாம் வகுப்பில் கிறுக்கிய பூ இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு யாரும் அட்டையைத் தட்டிப் பார்ப்பதில்லை.

கேள்வி: விழாக் குழு தந்த பர்மனென்ட் மார்க்கரால் அவர்களுடைய ஒயிட்போர்டிலேயே எழுதிவிட்டேன். அழியவில்லை!
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அதே எழுத்தின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி, ஈரம் காயும் முன் துடையுங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் போய்விடும். அடுத்த முறை உங்கள் மார்க்கரை நீங்களே கொண்டுபோங்கள், ஒன்றல்ல, நான்கு.